மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’: ஒலி நெரிபட்டது எங்கே? ஒரு நிகழ்வு ஆய்வு

2008 செப்டம்பர் 12 அன்று, அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் ஒன்பதாவது ஸ்டுடியோ ஆல்பமான ‘டெத் மேக்னெடிக்’ வெளிவந்தது. முதல் மூன்று நாள்களில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4,90,000 படிகள் விற்றன. அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் அது நேராக முதலிடத்தில் நுழைந்தது. அவ்வாறு முதலிடத்தில் நுழைந்த தொடர்ச்சியான ஐந்தாவது ஸ்டுடியோ ஆல்பம் என்ற பெருமையும் அந்தக் குழுவுக்குக் கிடைத்தது. பாடல்களைப் பற்றிய விமர்சனங்களும் பெரும்பாலும் மனநிறைவுடனேயே எழுதப்பட்டன. அப்படியிருந்தும், ஆல்பம் கடைக்கு வந்த சில வாரங்களுக்குள், அதை மீண்டும் மிக்சிங் செய்து (வாத்தியங்களின் ஒலிகளைப் புதிதாகக் கலந்து) வெளியிட வேண்டும் என்று கோரும் இணைய மனு ஒன்றில் 10,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் கையெழுத்திட்டிருந்தனர். அவர்கள் பாடல்களை வெறுத்தவர்கள் அல்லர். பாடல்கள் பிடித்திருந்ததாலேயே, அவற்றைக் காதுகொடுத்து முழுமையாகக் கேட்க முடியவில்லை என்ற வருத்தத்தில் எழுதியவர்கள்.

ஓர் ஆல்பத்தின் ஒலி சரியில்லை என்று தோன்றினாலும், தவறு எங்கே நேர்ந்தது என்பதைக் கேட்பவரால் பொதுவாக ஊகிக்கத்தான் முடியும். அவர் கையில் இருப்பது ஒரே ஒரு பதிப்பு. வேறு எப்படி அது ஒலித்திருக்கக்கூடும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ‘டெத் மேக்னெடிக்’ இதற்கு விலக்கு. அதே வாசிப்பின் இரண்டு வடிவங்கள், ஒன்று உரப்புக்காக ஒலியின் ஏற்ற இறக்கங்கள் நெரிக்கப்பட்டும் மற்றொன்று நெரிக்கப்படாமலும், ஒரே சமயத்தில் மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒலிப்பதிவுத் துறையில் இந்த ஆல்பத்தை ஆராயத்தக்க நிகழ்வாக ஆக்கியது அந்தத் தற்செயல்தான்.

பின்னணி

2003இல் வந்த முந்தைய ஆல்பமான ‘செயின்ட் ஆங்கர்’ ஏற்படுத்திய ஏமாற்றத்தை நினைவில் வைக்காமல் இந்த ஆல்பத்தின் மீதிருந்த எதிர்பார்ப்பைப் புரிந்துகொள்ள முடியாது. அதில் கிட்டார் தனிவாசிப்புகளே இல்லை. ஸ்னேர் ட்ரம்மின் கணீரென்ற உலோக ஒலி பல ரசிகர்களை விரட்டியடித்தது. 1991 முதல் குழுவின் ஆல்பங்களைத் தயாரித்துவந்த பாப் ராக் அதன் பிறகு விலக, ரிக் ரூபின் வந்தார். 1986இல் ஸ்லேயர் குழுவின் ‘ரெயின் இன் பிளட்’ ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர். மெட்டாலிகாவை அதன் எண்பதுகளின் மனநிலைக்குத் திரும்பச் சிந்திக்கச் சொன்னார். நீண்ட ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்கட்டுகள்), அடிக்கடி மாறும் தாளகதி, கிட்டார் தனிவாசிப்புகள் எல்லாம் மீண்டன. ‘செயின்ட் ஆங்கர்’ பதிவின்போது பாப் ராக்கே பேஸ் வாசித்திருந்ததால், 2003இல் குழுவில் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோவுக்கு இதுவே முதல் ஸ்டுடியோ ஆல்பம். மொத்தம் பத்துப் பாடல்கள், 74 நிமிடங்களுக்கு மேல். பாடல்களைச் செதுக்குவதில் கவனத்தைக் குவித்து, ஒலிக்கலவைக் கருவிப் பலகையின் வேலையைப் பொறியாளர்களிடம் விட்டுவிடுவது ரூபினின் வழக்கம். இங்கே அந்தப் பொறுப்பு முதன்மையாக கிரெக் ஃபிடல்மேனிடம் இருந்தது. இறுதிக் கட்டமான மாஸ்டரிங், நியூயார்க்கின் ஸ்டெர்லிங் சவுண்ட் நிறுவனத்தில் நெடுநாள் அனுபவமுள்ள டெட் ஜென்சனிடம் போனது.

இந்தக் கட்டங்களின் வரிசையைத் தெளிவாக வைத்துக்கொண்டால்தான் பின்னால் எழுந்த பொறுப்புச் சிக்கல் விளங்கும். பதிவின்போது ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி ட்ராக்குகளில் பதிகிறது. மிக்சிங்கில் அவற்றின் அளவுகளைச் சமன்செய்து இரண்டு சேனல்களாகக் கலக்கிறார்கள். அப்படிக் கலந்ததை எடுத்துக்கொண்டு, பாடலுக்குப் பாடல் ஒலியளவும் தொனியும் பொருந்தும்படி செப்பனிட்டு, வெளியீட்டுக்கான மூலப்படியை உருவாக்குவது மாஸ்டரிங். கலந்து முடிந்த பாலிலிருந்து தண்ணீரைப் பிரிக்க முடியாததுபோல, மிக்சிங்கில் நேர்ந்துவிட்ட சேதத்தை மாஸ்டரிங் பொறியாளர் நீக்க முடியாது.

விளையாட்டின் வழியாக வந்த சான்று

ஆல்பம் வெளியான நாளிலேயே அதன் பாடல்கள் அனைத்தும் ‘கிட்டார் ஹீரோ 3’ வீடியோ விளையாட்டுக்கான தரவிறக்கமாகவும் கிடைத்தன. அந்த விளையாட்டின் அமைப்பு ஒரு தனித்தேவையை உண்டாக்கியது. விளையாடுபவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால், அந்த வாத்தியத்தின் ஒலி மட்டும் மறைந்து மற்றவை தொடர வேண்டும். அதற்கு அந்த வாத்தியங்கள் தனித்தனியாகப் பிரிந்த ட்ராக்குகளாக இருந்தாக வேண்டும். எனவே இறுதி மிக்சிங்கின் கடும் ஒலிச்செயலாக்கத்துக்கு உட்படாத ட்ராக்குகள் விளையாட்டு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. ஒலித்தரத்தை மனத்தில் வைத்து யாரும் எடுத்த முடிவல்ல இது. விளையாட்டின் தொழில்நுட்பம் கேட்டது, கொடுத்தார்கள்.

விளையாடியவர்களில் சிலர் உடனடியாக வித்தியாசத்தை உணர்ந்தனர். விளையாட்டின் ஒலியைப் பிரித்தெடுத்து, குறுந்தகட்டின் ஒலியோடு கணினித் திரையில் அருகருகே வைத்தபோது எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. விளையாட்டுப் பதிப்பில், ட்ரம் அடிகள் ஒவ்வொன்றும் கூரிய முனைகளாக எழுந்து தாழும் அலைவடிவம் தெரிந்தது. குறுந்தகட்டுப் பதிப்பில், மேலும் கீழும் கத்தரித்துவிட்டதுபோல ஒரே உயரமுள்ள திண்மையான பட்டை. அந்தப் பட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தால், அலையின் உச்சியில் அடுத்தடுத்த பல மாதிரிகள் (ஒலியை நுண்ணிய கால இடைவெளிகளில் அளந்த எண்கள்) ஒரே மதிப்பில் தட்டையாக நிற்பதைக் காணலாம். மாஸ்டரிங் பொறியாளர் இயன் ஷெப்பர்ட் இந்த ஒப்பீட்டை எழுதியபோது பிரச்சினை பரவலாகக் கவனம் பெற்றது. அவர் சுட்டியபடி, குறுந்தகடு விளையாட்டுப் பதிப்பைவிட ஏறத்தாழ 10 டெசிபல் அதிக உரப்புடன் இருந்தது. மனிதச் செவிக்கு 10 டெசிபல் என்பது தோராயமாக இரட்டிப்புச் சத்தம். உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையிலுள்ள வீச்சைக் காட்டும் டிஆர் அளவியில் குறுந்தகடு வெறும் 3 என்ற மதிப்பைப் பெற்றது. விளையாட்டுப் பதிப்போ 12 அளவில் இருந்தது.

அலைவடிவப் படத்தை விடக் காதே சிறந்த சான்று. முதல் பாடல் இதயத் துடிப்பொலியோடு தொடங்கி, மெல்லிய கிட்டார் வழியாக வளர்ந்து, பின் முழுக்குழுவும் பாய்ந்து இறங்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. இசையமைப்பின் நோக்கம் தெளிவானது: அமைதியிலிருந்து வெடிப்புக்குச் செல்லும் அந்தத் தாவலில்தான் கேட்பவர் அதிர வேண்டும். குறுந்தகட்டில் முழுக்குழுவும் நுழையும்போது ட்ரம்ஸ் முன்னுக்கு வராமல் கிட்டார்ச் சுவருக்குள் புதைந்துபோகிறது. காலால் மிதித்து வாசிக்கும் கிக் ட்ரம்மின் ஒவ்வோர் அடியோடும் சரசரப்பான ஒரு வெடிப்பொலி ஒட்டிக்கொள்கிறது. ஏறக்குறைய எட்டு நிமிடம் நீளும் ‘தி டே தட் நெவர் கம்ஸ்’ பாடலில் இது இன்னும் வெளிப்படையானது. தூய கிட்டாரோடு இழைந்து செல்லும் முதற்பாதியில் குறை பெரிதாகத் தெரியாது. பாடல் வேகமெடுத்து இரட்டை கிக் ட்ரம் ஓடத் தொடங்கும் பின்பாதியில், ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்று எண்ணும் அளவுக்குக் கரகரப்பு ஏறுகிறது. அதே பகுதியை விளையாட்டுப் பதிப்பில் கேட்டால் ட்ரம்ஸ் வாசிப்பவரான லார்ஸ் உல்ரிச்சின் கால்வேலை ஒவ்வோர் அடியாகப் பிரிந்து கேட்கிறது, ட்ருஹியோவின் பேஸ் அடியில் உருண்டு வருகிறது. இரண்டையும் கேட்ட எனக்கு, குறுந்தகட்டில் மறைந்துபோனது இந்த ஆல்பத்தின் மிகச் சிறந்த வாசிப்புகள் சிலவற்றின் உயிர் என்றே படுகிறது.

நெரிப்பு எவ்வாறு நிகழ்கிறது

குறுந்தகட்டில் ஒலி ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகளாக, ஒவ்வொன்றும் 65,536 படிநிலைகளில் ஒன்றாகப் பதிகிறது. மேல்வரம்பு உறுதியானது; அதைத் தாண்டி எதையும் எழுத இடமில்லை. ஒரு பாடலின் உச்சங்கள் பெரும்பாலும் ஸ்னேர், கிக் ட்ரம் ஆகியவற்றின் தொடக்க அடிகள்; அவை சில மில்லி வினாடிகளே நீடிப்பவை. அந்த உச்சங்கள் வரம்பைத் தொட்டுவிட்ட பிறகும் பாடலை இன்னும் சத்தமாக்க வேண்டுமென்றால், உச்சங்களைத் தாழ்த்திவிட்டு மற்ற அனைத்தையும் உயர்த்துவதே வழி. கம்ப்ரஷன் இதை ஓரளவு நயமாகச் செய்யும், லிமிட்டர் கறாராகச் செய்யும். கிளிப்பிங் என்பது உச்சியை வெட்டி எறிவது. வெட்டுப்பட்ட இடத்தில் மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. நாம் கேட்கும் கரகரப்பு அதுதான்.

ஹெவி மெட்டல் இசையே கரகரப்பான கிட்டாரின் மேல் நிற்பதுதானே, இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் என்ன என்ற வாதம் அப்போது பலமுறை எழுந்தது. அதற்கு நேரான பதில் உண்டு. கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் எழும் டிஸ்டார்ஷன் எனும் கரகரப்பு அந்த ஒரு வாத்தியத்துக்கு மட்டும் உரியது. அது 12 அங்குல ஒலிபெருக்கியின் வழியே வெளிவரும்போது சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான பகுதி பெரிதும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. எஞ்சுவது தடித்த, இதமான, இசைத்தன்மையுள்ள ஒலி. முழுக் கலவையையும் டிஜிட்டலில் வெட்டும்போது அந்த வடிகட்டல் கிடையாது. கிக் ட்ரம்மின் தாழ்ந்த அதிர்வும் குரலும் சிம்பலும் கிட்டாரும் ஒன்றோடொன்று மோதி, எந்த வாத்தியத்துக்கும் சொந்தமில்லாத ஒலிகளை உண்டாக்குகின்றன. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பெரும்பிழை.

இன்னொன்றும் உண்டு, அதுவே இந்த இசைவகைக்கு மிக முக்கியமானது என்று கருதுகிறேன். டிஸ்டார்ஷன் ஏறிய கிட்டார் இயல்பிலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த, ஒரே மட்டத்தில் நிற்கும் ஒலி. அந்தச் சுவருக்கு மேலே எழுந்து நின்று தாளத்துக்கு உருவம் தருவது ட்ரம் அடியின் முதல் சில மில்லி வினாடிகள்தான். கர்நாடக இசையிலோ ஜாஸிலோ ஏற்ற இறக்கத்தைத் தர வேறு பல கூறுகள் உண்டு. மெட்டலில் அந்தப் பொறுப்பு முழுவதும் ட்ரம்ஸின் தோளில் விழுகிறது. ஆகவே உச்சங்களை வெட்டும் செயல் மற்ற இசைவகைகளை விட மெட்டலையே ஆழமாகக் காயப்படுத்துகிறது. கனமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது, கனத்தைத் தருவதையே அகற்றிவிட்டது.

திறமையும் அனுபவமும் உள்ளவர்கள் இதை ஏன் செய்தார்கள் என்ற கேள்விக்கு விடை செவியின் இயல்பில் இருக்கிறது. ஒரே பாடலின் இரண்டு வடிவங்களைக் கேட்கும்போது, சற்றே சத்தமானது சிறந்தது என்று மனம் முடிவுகட்டிவிடும். உரப்பு கூடும்போது தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்கள் செவிக்குக் கூடுதலாகப் புலப்படுகின்றன என்பதை ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டனர். ஸ்டுடியோவில் ஒவ்வொரு திருத்தத்தையும் ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால், ஒவ்வொரு முறையும் சத்தமானதே வெல்லும். இரண்டு நிமிடத் துண்டாகக் கேட்கும்போது கிளர்ச்சி தரும் ஒலி, 74 நிமிடம் தொடர்ந்து கேட்கும்போது களைப்பைத் தருகிறது. ஸ்டுடியோவில் துண்டுதுண்டாகக் கேட்டு முடிவெடுக்கிறவர்களுக்கு அந்தக் களைப்பு எளிதில் தட்டுப்படுவதில்லை.

பொறுப்பு யாருடையது

முதலில் பழி விழுந்தது டெட் ஜென்சன் மீது. ஆல்பங்களை மற்றவற்றைவிடச் சத்தமாக வெளியிட முயலும் உரப்புப் போட்டியில் மாஸ்டரிங் பொறியாளரே எப்போதும் குற்றவாளியாகக் கருதப்படுவதால், அவர் பெயரைத் தகட்டின் உறையில் பார்த்ததுமே ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிட்டனர். ரசிகர் ஒருவருக்கு அவர் எழுதிய மின்னஞ்சல் பொதுவெளிக்கு வந்தபோது நிலைமை மாறியது. தம்மிடம் வந்து சேர்வதற்கு முன்பே கலவைகள் செங்கல் சுவரைப் போல நெரிக்கப்பட்டிருந்தன என்றும், இந்த ஆல்பத்தோடு தம் பெயர் இணைந்திருப்பதில் தமக்குப் பெருமையில்லை என்றும் அதில் அவர் தெரிவித்திருந்தார். விளையாட்டுப் பதிப்பு இதை உறுதிசெய்கிறது: ட்ராக்குகளில் கரகரப்பு இல்லை, ஜென்சனிடம் வந்த கலவையில் இருந்தது, ஆகவே சேதம் மிக்சிங் கட்டத்தில் நேர்ந்தது.

மிக்சிங் செய்தவரிடமே பழியை நிறுத்திவிடுவதும் நியாயமாகாது. கலவைகளைக் குழுவும் தயாரிப்பாளரும் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகே அவை நியூயார்க்கிற்குச் சென்றன. லார்ஸ் உல்ரிச் பேட்டிகளில் இந்த ஒலியைத் தயக்கமின்றி ஆதரித்தார்; ரூபினின் கையில் பொறுப்பை ஒப்படைத்ததாகவும், தம் காரில் போட்டுக் கேட்டபோது ஆல்பம் அருமையாக ஒலித்ததாகவும் கூறினார். மேலாளர் கிளிஃப் பர்ன்ஸ்டீன், கேட்பவர்களில் 98 விழுக்காட்டினர் மிகச் சாதகமாகவே கருத்துச் சொல்வதாக ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழிடம் தெரிவித்தார். அதே ஃபிடல்மேனைத்தான் குழு 2016இல் வந்த ‘ஹார்ட்வயர்ட்... டு செல்ஃப்-டெஸ்ட்ரக்ட்’ ஆல்பத்துக்கும், 2023இல் வந்த ‘72 சீசன்ஸ்’ ஆல்பத்துக்கும் தயாரிப்பாளர்களில் ஒருவராக அமர்த்தியது. குழு விரும்பாததை ஒரு பொறியாளர் செய்திருந்தால் இது நடந்திருக்காது. ஆகவே இதைக் கைத்தவறு என்று சொல்வதற்கில்லை. இது விரும்பித் தேர்ந்த ஒலி, அதற்கான பொறுப்பு ஒப்புதல் அளித்த அனைவருடையதும்.

மெட்டாலிகாவின் வரலாற்றில் இதற்கு ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. 1988இல் வந்த ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் அப்போதைய பேஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட்டின் வாசிப்பு ஏறத்தாழக் காதில் விழாத அளவுக்குத் தாழ்த்தப்பட்டது. அங்கும் மிக்சிங் செய்தவர்கள் மீது பழி வந்தது, அங்கும் முடிவு குழுவிடமிருந்தே வந்திருந்தது. இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே மாதிரியான கதை.

எல்லாரும் இந்தப் பாதையில்தான் போக வேண்டியிருந்தது என்று சொல்லவும் முடியாது. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2006இல், அயர்ன் மெய்டன் குழு ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ ஆல்பத்தை மாஸ்டரிங்கே செய்யாமல், ஸ்டுடியோவில் ஒலித்தபடியே வெளியிட்டது. அந்த முடிவால் அதன் விற்பனையும் மதிப்பும் குன்றிவிடவில்லை. உரப்பு குறைந்தால் சந்தையில் தோற்போம் என்ற அச்சத்துக்கு இந்தக் காலகட்டத்திலேயே எதிர்ச்சான்று இருந்தது.

பின்விளைவுகள்

விருதுகளை இந்தக் குறை தொடவில்லை. 2009 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் ‘மை அபோகலிப்ஸ்’ பாடலுக்குச் சிறந்த மெட்டல் வாசிப்புக்கான விருதும், உறை வடிவமைப்புக்கு ஒரு விருதும் கிடைத்தன. ஆண்டின் சிறந்த தயாரிப்பாளராக ரூபின் தேர்வானார். ரசிகர்களோ தங்கள் வழியில் சென்றனர். விளையாட்டின் ட்ராக்குகளைத் தாங்களே கலந்து, அதிகாரபூர்வமற்ற பதிப்புகளை உருவாக்கிப் பகிர்ந்துகொண்டனர். ஒரு குழுவின் தீவிர ரசிகர்கள், காசு கொடுத்து வாங்கிய தகட்டை ஒதுக்கிவிட்டு விளையாட்டிலிருந்து எடுத்த ஒலியைத் தேடிப்போனது குழுவுக்கு வலித்திருக்க வேண்டிய செய்தி.

தொழில்நுட்பச் சூழல் பின்னர் மாறியது. ஒலியின் உணரப்படும் உரப்பை அளக்கும் முறையை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இலேயே வகுத்திருந்தது. அதன் அடிப்படையில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல், ஒலிபரப்புகளின் உரப்பைச் சமப்படுத்தும் ஆர்128 பரிந்துரையை வெளியிட்டது. அதே ஆண்டில் இயன் ஷெப்பர்ட் ‘டைனமிக் ரேஞ்ச் டே’ என்ற விழிப்புணர்வு நாளைத் தொடங்கினார். ஸ்ட்ரீமிங் சேவைகள் பாடல்களின் உரப்பைத் தாமே சமப்படுத்தத் தொடங்கியபின் உரப்புப் போட்டியின் அடிப்படையே ஆட்டம் கண்டது. ஸ்பாட்டிஃபையின் இயல்பு அமைப்பு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (உணரப்படும் உரப்பின் அலகு) அளவை ஒட்டியே பாடல்களை ஒலிக்கச் செய்கிறது. நெரித்து உரப்பாக்கிய பாடலை அது தாழ்த்திவிடுகிறது. அப்போது அந்தப் பாடலுக்குச் சத்தத்தின் ஆதாயம் போய்விடுகிறது, வெட்டுப்பட்ட உச்சங்களின் நட்டம் மட்டும் மிஞ்சுகிறது.

2015இல் ஐடியூன்ஸுக்காகத் தனியாக மாஸ்டர் செய்யப்பட்ட ‘டெத் மேக்னெடிக்’ பதிப்பு, நெரிப்புக் கணிசமாகக் குறைந்த வடிவில் வந்தது. இன்று இந்த ஆல்பத்தைப் புதிதாகக் கேட்க விரும்பும் எவருக்கும் முதலில் அதையே பரிந்துரைப்பேன். ஆயினும், 2008இல் மனுவில் கையெழுத்திட்டவர்கள் கேட்டது மறு மாஸ்டரிங் மட்டுமல்ல, மறு மிக்சிங். தனி ட்ராக்குகளிலிருந்து ட்ரம்ஸுக்கும் பேஸுக்கும் இடம் கொடுத்து மீண்டும் கலப்பது. அது இயலாத கோரிக்கையும் அல்ல. ரஷ் குழு 2002இல் வெளியிட்ட ‘வேப்பர் ட்ரெய்ல்ஸ்’ இதே நோயால் பாதிக்கப்பட்டிருந்தது. அந்தக் குழு குறையை வெளிப்படையாக ஏற்று, டேவிட் பாட்ரில் என்ற பொறியாளரைக் கொண்டு முழு ஆல்பத்தையும் புதிதாகக் கலந்து 2013இல் வெளியிட்டது. மெட்டாலிகாவிடமும் அதற்குத் தேவையான, வெட்டுப்படாத ட்ராக்குகள் இருந்தன என்பதை அந்த விளையாட்டே 2008இல் உலகுக்குக் காட்டிவிட்டது.